பாஸ்ராவும் மூன்று மருத்துவர்களும்

2003 செப்டம்பர் 15ஆம் தேதி இரவு, தெற்கு இராக்கின் பாஸ்ரா நகரில், பிரிட்டிஷ் ராணுவத்தின் காவலில் இருந்த பஹா மூசா இறந்துபோனார். வயது 26. ஓட்டல் ஒன்றில் வரவேற்பாளராக வேலை பார்த்தவர். தந்தை தாவூத் மூசா காவல்துறையில் கர்னல். மனைவி அதற்குச் சிறிது காலம் முன்புதான் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தார். வீட்டில் இரண்டு சிறு பையன்கள். முந்தின நாள் காலை அந்த ஓட்டலுக்குள் சோதனைக்குப் புகுந்த லங்காஷயர் படைப்பிரிவுச் சிப்பாய்கள் அவரையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் அவர் உயிரோடு இருந்தது ஏறத்தாழ 36 மணி நேரம். அதில் 24 மணி நேரம் அளவுக்குத் தலையில் சாக்கு மாட்டப்பட்டிருந்தது. பிணப் பரிசோதனையில் எண்ணப்பட்ட காயங்கள் 93.

அந்த முகாமில் ஒரு மருத்துவர் இருந்தார். அவரைப் பற்றியும், அவரை அங்கே நிறுத்திய ராணுவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

கேப்டன் டெரெக் கெய்லோ அந்த லங்காஷயர் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. வயது 28, அந்தப் பொறுப்புக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மூச்சு நின்ற நிலையில் மூசாவைக் கொண்டுவந்து கிடத்தியபோது அவரும் உதவியாளர்களும் உயிரை மீட்கப் போராடினார்கள். முடியவில்லை. பிறகு ராணுவ நீதிமன்றத்திலும் அரசு அமைத்த பொது விசாரணையிலும் சத்தியப் பிரமாணம் எடுத்து அவர் சொன்னது ஒரே பதில்: மூக்கைச் சுற்றிக் காய்ந்த ரத்தம் இருந்தது, வேறு காயம் எதையும் பார்க்கவில்லை. 2012 டிசம்பரில் மான்செஸ்டரில் கூடிய மருத்துவத் தொழில் தீர்ப்பாயம் இந்தப் பதிலை ஏற்கவில்லை. அவர் காயங்களைப் பார்த்திருக்கிறார், பார்த்ததை மறைத்திருக்கிறார் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. உடலைச் சரியாகப் பரிசோதிக்கவில்லை, உயிரோடு இருந்த மற்றக் கைதிகளின் நிலையைக் கவனிக்கவில்லை, அவர்கள்மேல் மேலும் கை வைக்காதபடி காக்கவில்லை, நடப்பதை மேலதிகாரிகளிடம் சொல்லவில்லை. இவையெல்லாம் அவர்மீது மெய்ப்பிக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

அப்போது அவர் யார்க்ஷயரில் ஒரு சிறு நகரத்தின் குடும்ப மருத்துவர். நோயாளிகள் பலர் அவருக்காகப் பேசினார்கள். நல்லவர், கைராசிக்காரர், பொறுமையாகக் கேட்பவர் என்றார்கள். அந்த இரவில் உயிரைக் காக்கச் செய்யக்கூடியதை அவர் செய்தார் என்பதைத் தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது. இளம் வயது, புதிய வேலை, சுற்றிலும் போர், கொதிக்கும் வெயில், குறைந்த ஆட்கள். இவ்வளவையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தீர்ப்பு சரியானது என்றே சொல்கிறோம்.

காரணம் மூசாவின் மரணம் அல்ல. அவர் மேசைக்கு வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. எந்த மருத்துவராலும் மீட்டிருக்க முடியாது. உயிரோடு இருந்தவர்கள்தான் காரணம். அதே கட்டடத்தில், அதே சாக்குகளோடு, அதே சிப்பாய்களின் கைகளில் இன்னும் சிலர் இருந்தார்கள். அன்று இரவே அவர்களில் இருவர் இந்த மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். ஒருவன் அடிபட்டு இறந்த சில மணி நேரத்துக்குள் அவனோடு பிடிபட்ட இருவர் அடிபட்ட உடலோடு முன்னால் நிற்கும்போது, நோயறிதலுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அங்கே அவர் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும்: இவர்களை நான் அந்த அறைக்குத் திருப்பி அனுப்பமாட்டேன். மருத்துவ அதிகாரி சொல்லும் அந்த வாக்கியத்தை மீறுவது ஒரு கார்ப்பரலுக்கு எளிதல்ல, கர்னலுக்கும் எளிதல்ல. அந்த வாக்கியம் வரவில்லை. இருவரும் திரும்பிப் போனார்கள்.

தவறு நேர்ந்த மருத்துவரை மன்னிக்கலாம், பயந்துபோன மருத்துவரைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பயத்தை ஒன்பது ஆண்டுகள் சத்தியத்தின்மேல் நிறுத்தி வைத்தவரிடம் நோயாளி தன் உடலை ஒப்படைக்க முடியாது. ஒரு மருத்துவர் தாம் பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது.

ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டால் நாமும் பிரிட்டிஷ் ராணுவம் செய்ததையே செய்தவர்களாவோம்.

அந்த 36 மணி நேரத்துக்குப் பொறுப்பானவர்களின் வரிசையைப் பாருங்கள். கார்ப்பரல் டொனால்ட் பெய்ன், கைதிகளை மனிதத்தன்மையற்று நடத்தியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் என்ற பெயர் அவருக்கு வந்தது. தண்டனை ஓராண்டுச் சிறை, ராணுவத்திலிருந்து நீக்கம். கைதிகளை வரிசையாக அடித்து, ஒவ்வொருவரும் எழுப்பும் வெவ்வேறு அலறலைச் சேர்ந்திசை என்று சொல்லி வந்தவர்களுக்குக் கேட்கவைத்தவர் அவர். அவரோடு ராணுவ நீதிமன்றத்தில் நின்ற மற்ற ஆறு பேரும் விடுதலை. சிப்பாய்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் வரிசையை இறுக்கிக்கொண்டதால்தான் பலர்மீது வழக்கே போட முடியவில்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொன்னார். விடுதலையான ஆறு பேரில் பட்டாலியனின் தளபதி ஜோர்ஜ் மெண்டோன்சாவும் ஒருவர். அந்த இராக் பணிக்காகவே அவருக்குச் சீரிய சேவைக்கான பதக்கம் கிடைத்திருந்தது. கர்னலாக உயர்வும் கிடைத்தது.

நீதிமன்றம் விடுவித்ததை நாம் மதிக்கிறோம். அது சட்டத்தின் கணக்கு. 2011 செப்டம்பரில் சர் வில்லியம் கேஜ் மூன்று தொகுதிகளில் வெளியிட்ட பொது விசாரணை அறிக்கை வேறொரு கணக்கைத் தந்தது. அந்த வன்முறை மெண்டோன்சாவுக்குத் தெரிந்திருந்ததாக அறிக்கை சொல்லவில்லை; தெரிந்திருக்க வேண்டும் என்றது, பெரும் பொறுப்பு அவருடையது என்றது. படைப்பிரிவின் கத்தோலிக்கப் பாதிரியார் அந்தக் கட்டடத்துக்குள் போய் வந்தவர். கைதிகளின் கோலத்தைப் பார்த்திருப்பார், தலையிடவோ மேலே சொல்லவோ அவருக்குத் துணிவு வரவில்லை என்றது. பாதுகாப்பு அமைச்சகத்தின்மேல் நிறுவனமாகவே தோற்றுப்போன பழியைச் சுமத்தியது. அமைச்சகம் அதற்கு முன்பே, 2008இல், மூசாவின் குடும்பத்துக்கும் உயிர் பிழைத்தவர்களுக்கும் 28 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. அது வரி கட்டியவர்களின் பணம். எந்த அதிகாரியின் ஓய்வூதியத்திலிருந்தும் வரவில்லை.

ஆக, சிறை சென்றவர் அடிமட்டத்தில் இருந்த கார்ப்பரல். தொழிலிலிருந்து நீக்கப்பட்டவர் இளம் கேப்டனான மருத்துவர். மருத்துவருக்கு வெளியில் ஒரு நீதி இருந்தது. ராணுவத்தைக் கேட்காமலே அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் ஒரு தொழில் மன்றம் இருந்தது. மற்ற அதிகாரிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களை எடைபோடுபவர்களும் அவர்களைப் போன்ற அதிகாரிகளே. இந்தச் சம்பவத்தின் முழு அநீதியும் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தலையில் சாக்கு மாட்டுவது, வலிக்கும் நிலையில் மணிக்கணக்கில் நிறுத்துவது, தூங்கவிடாமல் செய்வது, உணவும் நீரும் குறைப்பது, இடைவிடாத இரைச்சல். இந்த ஐந்து முறைகளும் 1971இல் வடஅயர்லாந்தில் 14 பேர்மீது பயன்படுத்தப்பட்டுப் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. 1972 மார்ச்சில் பிரதமர் எட்வர்ட் ஹீத் நாடாளுமன்றத்தில் எழுந்து, இனி இவை பயன்படுத்தப்படமாட்டா என்று வாக்குக் கொடுத்தார். 31 ஆண்டுகள் கழித்து பாஸ்ராவில் இருந்த படைப்பிரிவுக்கு அந்த வாக்கு தெரிந்திருக்கவில்லை. ராணுவம் தன் போர்களின் வெற்றி நாள்களையும் விழுந்தவர்களின் பெயர்களையும் ஒரு தலைமுறைகூட மறப்பதில்லை. இதை மட்டும் மறந்தது என்றால், நினைவில் வைத்திருப்பதால் யாருக்கும் பதவி உயரவில்லை, மறந்ததால் யாருக்கும் பதவி போகவில்லை என்பதே பொருள்.

நினைவில் வைத்திருந்த ஒருவரும் உண்டு. அதே 2003 மார்ச்சில் பிரிட்டிஷ் கவசப் படைப்பிரிவின் தலைமைச் சட்ட ஆலோசகர் லெப்டினன்ட் கர்னல் நிக்கலஸ் மெர்சர், விசாரணைக் கூடத்துக்கு வெளியே சாக்கு மாட்டி வெயிலில் உட்காரவைத்திருந்த கைதிகளைக் கண்டார். அது சட்டவிரோதம் என்று எழுத்தில் புகார் கொடுத்தார். செப்டம்பருக்கு ஆறு மாதம் இருந்தது. அந்தப் புகாரை உரியபடி எடுத்துக்கொண்டு எல்லாப் பட்டாலியன்களுக்கும் ஒழுங்காக ஆணை போயிருந்தால், அந்த இரண்டு பையன்களுக்கும் அப்பா இருந்திருப்பார். மெர்சர் பின்னாளில் ராணுவத்தை விட்டுப் பாதிரியாரானார்.

இதே பாஸ்ராவில், அதற்கு 88 ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு மருத்துவ அதிகாரி இருந்தார். அவர் கதையை இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அவர் வாய் திறந்தது பெருமளவுக்கு இந்தியச் சிப்பாய்களுக்காக.

முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் பிரிட்டன் நடத்திய படையெடுப்பை நிர்வகித்தது இந்திய அரசு. 1915 நவம்பர் கடைசியில் பாக்தாத்தை நோக்கிப் போன ஜெனரல் டவுன்ஷெண்டின் படை டெசிஃபானில் துருக்கியரோடு மோதியது. இறந்தவரும் காயம்பட்டவருமாகப் படைக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 4,500. இவ்வளவு காயம்பட்டவர்களுக்கு முன்னேற்பாடு எதுவும் இல்லை. ஸ்பிரிங் இல்லாத சாமான் வண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து டைக்ரிஸ் நதியில் வெறும் தளமுள்ள படகுகளில் பாஸ்ராவுக்கு அனுப்பினார்கள். நாள்கணக்கான பயணம்.

அப்போது பாஸ்ராவில் ஒரு மருத்துவக் கப்பலின் பொறுப்பில் இருந்தவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேஜர் மார்க்கம் கார்ட்டர். டிசம்பரில் ஒரு மாலை 'மெஜிதியே' என்ற நீராவிப் படகு வருவதை அவர் பார்த்தார். தூரத்திலிருந்து பார்க்கையில் அதன் பக்கமெல்லாம் கயிறுகளைத் தோரணமாகத் தொங்கவிட்டது போல இருந்தது. கிட்டே வந்ததும் நாற்றம் அடித்தது. அவை கயிறுகள் அல்ல. வயிற்றுப்போக்கு கண்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் எழ முடியாமல் கிடந்த இடத்திலேயே கழித்த மலம், படகின் ஓரங்களில் வழிந்து காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் விரிப்பில்லாமல், மேலே மறைப்பில்லாமல், மழையிலும் குளிரிலும் மனிதர்கள் நெருக்கி அடைத்துக் கிடந்தார்கள். போர்க்களத்தில் போட்ட முதல் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை, புண்களில் புழு. தொடை எலும்பு முறிந்த ஒருவருக்கு விஸ்கிப் பெட்டியின் பலகையை உடைத்துக் கட்டியிருந்தார்கள்.

கார்ட்டர் மேலே எழுதினார், நேரில் போய்ச் சொன்னார். மேலே இருந்தவர்கள் இருவர்: ஒருவர் அந்தப் படையின் மருத்துவத் தலைமை, சர்ஜன் ஜெனரல் ஹாத்தவே, மற்றவர் தளவாட நிர்வாகத்தைப் பார்த்த மேஜர் ஜெனரல் கௌப்பர். கிடைத்த பதில் மிரட்டல். தேவையில்லாததில் தலையிடும் கிறுக்குப் பிடித்தவன் என்ற பட்டம் கட்டினார்கள். அடங்காவிட்டால் கைது செய்வோம், கப்பல் பொறுப்பைப் பறிப்போம் என்றார்கள். அதே நாள்களில், காயம்பட்டவர்களின் நிலை திருப்தி, மருத்துவ ஏற்பாடுகள் சிறப்பாக நடந்தன என்ற பொருளில் அந்தப் படையெடுப்பின் தளபதி ஜெனரல் நிக்சனின் பெயரில் தந்தி போனது.

அந்தக் கௌப்பரின் நிலையையும் பார்க்க வேண்டும். ஆற்றுப் படகுகள் போதவில்லை என்று அவர் கேட்டதற்கு, இந்தியத் தலைமைத் தளபதி சர் பீச்சம் டஃப்பிடமிருந்து அவருக்கு வந்ததும் மிரட்டலே. இன்னொரு முறை இப்படிச் சிணுங்கிக்கொண்டு கேட்டால் பதவியிலிருந்து தூக்கிவிடுவேன், பிறகு எந்த வேலையும் தரமாட்டேன் என்பது அதன் சாரம். தளபதி ஜெனரலை மிரட்டுகிறார், ஜெனரல் மேஜரை மிரட்டுகிறார். ஒவ்வொருவர் கையிலும் இருந்த ஆயுதம் கீழே இருப்பவரின் பதவி. காயம்பட்டுக் கிடந்த சிப்பாய் மட்டும் யாரையும் மிரட்ட முடியாதவன்.

கார்ட்டர் அடங்கவில்லை. விஷயம் லண்டனுக்குப் போனது. 1916இல் நாடாளுமன்றம் மெசபொட்டேமியா ஆணைக்குழுவை அமைத்தது. 1917இல் அறிக்கை வெளிவந்தது. கார்ட்டரின் சாட்சியம் அப்படியே அதில் இடம்பெற்றது. ஹாத்தவே அந்தப் பெரிய பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று ஆணைக்குழு எழுதியது. நிக்சன்மீதும் டஃப்மீதும் கடுமையாகக் குற்றம் சுமத்தியது. இந்திய விவகார அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன், தம் கை நேரடியாக அழுக்காகாதபோதும், பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அந்த ஒரு செயலுக்காக அவரை மதிக்கிறோம். வைஸ்ராயாக இருந்த ஹார்டிங் பிரபுவையும் ஆணைக்குழு குறை சொல்லியிருந்தது. ஆனால் அவர் அப்போது வகித்த வேறு அரசுப் பதவியில் நீடித்தார், பிறகு பாரிஸுக்கே தூதராகப் போனார்.

ஒரே நகரம், ஒரே ராணுவம், இரண்டு மருத்துவர்கள். ஒருவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், மேலிருந்து வந்த மிரட்டலைத் தாங்கினார். இன்னொருவரை யாரும் மிரட்டியதாகக்கூடச் சான்று இல்லை. அவர் தானாகவே வாய் மூடினார். இது 2003இன் ராணுவத்தைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்தி கவலைக்குரியது. 1915இல் மௌனத்தை மிரட்டி வாங்க வேண்டியிருந்தது. 2003இல் அது கேட்காமலே கிடைத்தது.

மூன்றாமவர் பாஸ்ராவுக்குப் போகவே மறுத்தவர். விமானப் படையின் மருத்துவரான ஃபிளைட் லெப்டினன்ட் மால்கம் கெண்டல்-ஸ்மித். இராக் போர் தொடர்பாக அதற்கு முன்பே இரண்டு முறை வளைகுடாவில் பணியாற்றியவர். போரைப் பற்றிய சட்ட ஆவணங்களைப் படித்து, இந்தப் போர் சட்டத்துக்குப் புறம்பானது என்ற முடிவுக்கு வந்தார். 2005இல் பாஸ்ராவுக்குச் செல்ல ஆணை வந்தபோது மறுத்தார். அதற்கான பயிற்சிகளுக்கும் போகவில்லை. 2006 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு எட்டு மாதச் சிறை விதித்தது. பதவி நீக்கம், கூடவே 20,000 பவுண்டு செலவுத் தொகை.

அவரைத் தண்டித்த நீதிபதியின் வாதத்திலும் நியாயம் உண்டு. 2005இல் பிரிட்டிஷ் படை இராக்கில் இருந்தது ஐ.நா. தீர்மானங்களின் கீழ், ஆகவே அந்த ஆணை சட்டப்படியானது என்றார் அவர். எந்தப் போருக்குப் போவது என்பதை ஒவ்வோர் அதிகாரியும் தன் மனத்துக்குத் தோன்றியபடி முடிவு செய்தால் ராணுவம் நடக்காது என்பதும் உண்மை. ஆனால் தண்டனைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கைதிகளை அடித்துத் துன்புறுத்திய கார்ப்பரலுக்கு 12 மாதம். யாரையும் தொடாமல், ஓடி ஒளியாமல், நீதிமன்றத்தில் நின்று தன் காரணத்தைச் சொன்ன மருத்துவருக்கு 8 மாதம். முகாமின் தலைவருக்குப் பதக்கம். இந்த மூன்றையும் ஒரே ராணுவம், ஒரே போரில், சில ஆண்டு இடைவெளியில் கொடுத்தது. கீழ்ப்படியாமையை ஏறக்குறைய கொடுமைக்குச் சமமாக எடைபோடும் நிறுவனம், கீழ்ப்படியும் கொடுமைக்காரர்களைத்தான் வளர்க்கும்.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவத்தின் மரபே அந்த மௌனம்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விக்டோரியா சிலுவையை இருமுறை பெற்றவர்கள் வரலாற்றிலேயே மூன்று பேர்தான். அவர்களில் இருவர் ராணுவ மருத்துவர்கள். அந்த இருவரில் ஒருவரான கேப்டன் நோயல் சவாஸ், குண்டு மழையில் எதிரியின் பதுங்குகுழிக்கு அருகில்வரை ஊர்ந்து போய் அடிபட்டவர்களைத் தூக்கிவந்தார். 1917 ஆகஸ்டில் தானும் அடிபட்டு, அப்போதும் சிகிச்சையை விடாமல், கடைசியில் இறந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லாமலே அந்த வீரம் வந்தது. அந்த மரபில் வந்த ஒருவருக்கு பாஸ்ராவில் தேவைப்பட்டது குண்டுக்கு முன்னால் போகும் துணிவு அல்ல. தன் பக்கத்து ஆள்களிடம் போதும் நிறுத்துங்கள் என்று சொல்லும் துணிவு. ராணுவம் முதல் வகைத் துணிவுக்குப் பதக்கம் அடிக்கிறது. இரண்டாவது வகைக்கு அதனிடம் பதக்கம் இல்லை.

பிரிட்டனில் இன்று வேறொரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. இராக்கியர் கொடுத்த புகார்கள் எல்லாம் வழக்கறிஞர்கள் பணத்துக்காக ஜோடித்தவை என்கிறது அந்தக் குரல். அதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2014இல் முடிந்த அல்-ஸ்வேடி விசாரணை, கைதிகளைக் கொன்றதாகச் சொன்ன மிகக் கொடிய குற்றச்சாட்டுகளைப் பொய் என்று தள்ளியது. அந்த வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஒருவர் 2017இல் தொழிலிலிருந்தே நீக்கப்பட்டார். அது சரியான தண்டனை. சிப்பாய்கள்மீது பொய்ப் பழி போட்டவர் அடிபட்ட உண்மையான மனிதர்களுக்கும் துரோகம் செய்தவர். ஆனால் பஹா மூசாவின் உடலில் இருந்த 93 காயங்களை எந்த வழக்கறிஞரும் உண்டாக்கவில்லை. அவற்றைப் பொது விசாரணைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் நீதிபதியே பதிவு செய்தார். பிரிட்டிஷ் அமைச்சர்களே மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு பொய்யைக் காட்டி ஓர் உண்மையை அழிக்கப் பார்ப்பவர்கள் சிப்பாய்களின் மானத்தைக் காக்கவில்லை, கொலையை மூடுகிறார்கள்.

2021இல் நிறைவேறிய வெளிநாட்டு நடவடிக்கைகள் சட்டமும் இந்தக் குரலின் விளைவே. வெளிநாட்டில் நடந்த சம்பவத்துக்கு ஐந்து ஆண்டு கழிந்தால் சிப்பாய்கள்மீது வழக்குப் போடாமல் விடுவதே வழக்கமாக வேண்டும் என்கிறது அது. சித்திரவதையும் போர்க்குற்றமும் இந்தச் சலுகைக்கு வெளியே வைக்கப்பட்டன. ஆனால் அரசு தானாக அப்படி வைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே இறங்கி வந்தது. மூசாவின் மரணத்துக்கும் கேஜ் அறிக்கைக்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடின. மருத்துவர்மீதான தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. காலம் கடந்ததற்குக் காரணம் உண்மையை மறைத்தவர்கள். கடந்த காலத்தையே அவர்களுக்குக் கேடயமாகக் கொடுப்பது நீதி ஆகாது.

கேஜ் 73 பரிந்துரைகள் கொடுத்தார். ஒன்றைத் தவிர மற்றவற்றை அரசு ஏற்றது. கைதிகளுக்கான மருத்துவக் கவனிப்பு பற்றியும் அவற்றில் உண்டு. அவை தேவையானவை. ஆனால் காகிதத்தில் இருக்கும் விதி 1972இல் என்ன ஆனது என்பதைப் பார்த்துவிட்டோம். விதியைவிட முக்கியம், அதைக் காப்பாற்றும் மனிதருக்குப் பதவியில் என்ன நேரும் என்பது. ராணுவத்தில் ஓர் அதிகாரியின் எதிர்காலம் மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் அறிக்கையில் இருக்கிறது. எந்தத் தளபதியின் காவல் அறையில் மருத்துவர் காயத்தைத் தேட வேண்டுமோ, அந்தத் தளபதியின் பேனாவில் மருத்துவரின் உயர்வு இருக்கக் கூடாது. கைதிகளைக் கவனிக்கும் மருத்துவரின் நியமனமும் மதிப்பீடும் முழுக்க மருத்துவத் தலைமையிடம் போக வேண்டும். காயத்தைக் கண்டால் அவர் தன் பட்டாலியனைத் தாண்டி, நேரே வெளியே ஒரு சுதந்திரமான அதிகாரியிடம் சொல்லும் கடமையும், சொன்னதால் பதவி போகாது என்ற சட்டப் பாதுகாப்பும் வேண்டும். சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு என்பதை 2012 தீர்ப்பு நிலைநாட்டிவிட்டது. சொன்னால் பாதுகாப்பு உண்டு என்பது இன்னும் அதே உறுதியோடு நிலைநாட்டப்படவில்லை.

தளபதிகளுக்கும் ஒரு தொழில் மன்றம் வேண்டும். மருத்துவரைத் தண்டிக்க மருத்துவ மன்றம் இருப்பது போல, தன் காவலில் ஒரு கைதி அடிபட்டு இறந்தால், குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தத் தளபதியின் பதவியையும் பதக்கத்தையும் மறுபரிசீலனை செய்யும் சுயேச்சையான அமைப்பு ஒன்றை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உருவாக்க வேண்டும். கீழ்நிலைக் கார்ப்பரலும் இளம் மருத்துவரும் விலை கொடுக்க, மேலே இருந்தவர்கள் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பிய இந்த முடிவை நாம் ஏற்கவில்லை. பஹா மூசாவின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. நீதி இன்னும் பாக்கி இருக்கிறது, அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியது பிரிட்டிஷ் அரசு.